‘உன் கொள்கையும் ஒரு மதம்தான்’ என்று சொல்லலாமா?

கேள்வி: என் அண்ணன் பத்து வருடத்துக்கும் மேலாக ஓர் அரசியல் இயக்கத்தில் இருக்கிறார். எந்த இயக்கம் என்பது வேண்டாம். சின்ன வயதிலேயே கடவுள் நம்பிக்கையை விட்டவர். நான் நேர் எதிர். கும்பிடாமல் என் நாள் தொடங்காது. இப்போது அவர் வீட்டில் தலைவரின் படம், தலைவரின் நினைவு நாளில் கூட்டம், எதைக் கேட்டாலும் தலைவர் எழுதியதிலிருந்து ஒரு மேற்கோள். இயக்கத்தை விட்டு விலகிய பால்ய நண்பரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ஒரு நாள் வாக்குவாதம் முற்றி, “நீ மதத்த விடல அண்ணா, மதம் மாறியிருக்க, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டேன். “கடவுளே இல்லாத ஒண்ண எப்படி மதம்னு சொல்ற?” என்று கேட்டவர், அதன் பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் சொன்னது தவறா? ஓர் அரசியல் கொள்கையை மதம் என்று சொல்வதால் ஏதாவது பயன் உண்டா, இல்லை அது வெறும் வசவுதானா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில் தருபவர்: அரசியல் சமூகவியல் பேராசிரியர்

அன்புள்ள சகோதரிக்கு,

இயக்கத்தின் பெயரை எழுதாமல் விட்டீர்கள். நல்லது. பெயர் தெரிந்திருந்தால், அது எனக்குப் பிடித்த இயக்கமா பிடிக்காத இயக்கமா என்பதைப் பொறுத்து என் பதிலும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். இடதுசாரியோ வலதுசாரியோ தேசியவாதமோ, எதற்கும் பொருந்துகிற பதிலைச் சொல்ல முயல்கிறேன்.

உங்கள் கண்ணில் பட்டது பொய்யில்லை. அரசியலுக்குள் மதத்தின் சாயல் இருப்பதை உங்களுக்கு முன்பே பலர் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அண்ணனிடம் நீங்கள் சொன்ன விதத்தில் அந்த வாக்கியம் எதையும் விளக்கவில்லை. அதோடு, அவர் பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்விகளிலிருந்து அவரைத் தப்பிக்கவும் விட்டுவிட்டது. இந்த இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்கு வருவதற்கு முன், ஒப்புமை எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று பார்த்துவிடுவோம்.

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி 1856-இல் எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் அலெக்சி தெ தோக்வில், அது அரசியல் புரட்சியாக இருந்தும் மதப் புரட்சியைப் போல நடந்துகொண்டது என்றார். ஒரு நாட்டின் எல்லைக்குள் நில்லாமல் மனிதர் எல்லோரையும் நோக்கிப் பேசியது, பிரசாரம் செய்து ஆள் சேர்த்தது என்பதெல்லாம் அவர் கவனித்தவை. புரட்சிக்காரர்களும் அதை மறைக்கவில்லை. 1793 நவம்பர் 10 அன்று பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்துக்குள்ளேயே பகுத்தறிவுக்கு விழா எடுத்தார்கள். பத்து நாளுக்கு ஒரு வாரம், அதில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்ற புதிய நாட்காட்டி 1805 முடியும் வரை அரசு நாட்காட்டியாக இருந்தது. 1794 ஜூன் 8 அன்று புரட்சித் தலைவர்களில் ஒருவரான ரோபஸ்பியர் தானே முன்னின்று பரம்பொருளுக்குத் திருவிழா நடத்தினார். ஏழு வாரத்தில் அவரையே கில்லட்டின் என்ற தலைவெட்டும் கருவிக்கு அனுப்பினார்கள்.

லெனின் 1924 ஜனவரி 21-இல் இறந்தார். சில நாட்களில் அவர் மனைவி குரூப்ஸ்கயா பத்திரிகை வழியே மக்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்: அவருக்குச் சின்னங்கள் எழுப்பாதீர்கள், அவர் பெயரில் மாளிகைகள் கட்டாதீர்கள், மதிக்க விரும்பினால் குழந்தைக் காப்பகம் கட்டுங்கள், பள்ளிக்கூடம் கட்டுங்கள். யாரும் கேட்கவில்லை. உடலைப் பதப்படுத்தி வைத்தார்கள். நூறு ஆண்டு கடந்தும் அது மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் இருக்கிறது. கோயில்களை மூடிய அதே அரசுதான் இதைச் செய்தது. குரூப்ஸ்கயாவின் வேண்டுகோளை இங்கே சொல்லக் காரணம் உண்டு. வழிபாட்டை எதிர்த்த குரல் இயக்கத்தின் உள்ளேயிருந்தே வந்தது, அதுவும் தலைவருக்கு மிக நெருங்கியவரிடமிருந்து. ஒரு கொள்கையை மொத்தமாக ‘மதம்’ என்று முத்திரை குத்தினால் இப்படிப்பட்ட குரல்கள் நம் காதில் விழாமலே போய்விடும்.

இன்னொன்று, நான் வகுப்பில் தவறாமல் சொல்வது. 1968 ஆகஸ்டில் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் சீனத் தலைவர் மாவோவுக்கு ஒரு பெட்டி மாம்பழம் பரிசளித்தார். மாவோ அவற்றைத் தான் உண்ணாமல், பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் மாணவர் மோதலை அடக்க அனுப்பியிருந்த தொழிலாளர் குழுவுக்குக் கொடுத்தார். அங்கிருந்து பழங்கள் பல ஆலைகளுக்குப் பகிர்ந்து போயின. ஓர் ஆலையில் பழத்துக்கு மெழுகு பூசி மேடை மேல் வைத்து, தொழிலாளர்கள் வரிசையாக வந்து தலைவணங்கிப் போனார்கள். பழம் அழுகத் தொடங்கியதும் சதையை எடுத்து ஒரு பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆளுக்கு ஒரு கரண்டி குடித்தார்கள். மாவோவின் மருத்துவராக இருந்தவர் தம் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். பிரசாதம் என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு இந்தக் காட்சியை நம்மில் யாராலும் விவரிக்க முடியாது. இதில் கடவுள் இல்லை என்பது உண்மை. அதனால் இது வழிபாடு இல்லை என்றாகிவிடுமா?

ஆகவே ஒப்புமைக்கு இடம் இருக்கிறது. ஆனால் அதை ஒரு கோட்பாடாக வளர்த்தவர்கள் யார், எந்த நெருக்கடியில் வளர்த்தார்கள் என்பதையும் பாருங்கள். அரசியல் சிந்தனையாளர் எரிக் ஃபேகெலின் ‘அரசியல் மதங்கள்’ என்ற நூலை வியன்னாவில் வெளியிட்டது 1938-இல். ஹிட்லரின் படை ஆஸ்திரியாவை விழுங்கிய ஆண்டு. அவரும் தப்பி ஓடவேண்டி வந்தது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரேமோன் ஆரோன் ‘உலகியல் மதங்கள்’ பற்றி எழுதியது 1944-இல், நாஜிகளின் பிடியில் பிரான்ஸ் இருந்தபோது லண்டனில் புகலிடம் தேடிய இடத்தில். மனிதகுலத்தின் மீட்பை மறுமையில் வைக்காமல், இதே உலகில், வரப்போகும் ஒரு சமூக அமைப்பில் வைக்கிற கொள்கைகளை அவர் அப்படி அழைத்தார். அவர்கள் முன் நின்ற கேள்வி மிகக் கடுமையானது: படித்த, நாகரிகமான மனிதர்கள் லட்சக்கணக்கில் ஒரு தலைவனுக்காகக் கொல்லவும் சாகவும் எப்படித் தயாரானார்கள்? கூலி, வர்க்கம், தேர்தல் என்ற வழக்கமான அரசியல் சொற்களால் அதற்கு விடை கிடைக்கவில்லை. அதனால் வேறு சொல் தேடினார்கள்.

உங்கள் அண்ணன் அந்த அளவில் இல்லை என்று உங்கள் கடிதத்தை வைத்தே சொல்லலாம். படம் மாட்டுவது, ஆண்டுக்கு ஒரு நாள் கூடுவது, மேற்கோள் சொல்வது இவையெல்லாம் மனிதர்கள் எதை மதித்தாலும் செய்கிறவை. பெற்றோர் படத்துக்கும் செய்கிறோம், தேசியக் கொடிக்கும் செய்கிறோம். எனக்கு நெருடுவது உங்கள் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான்: விலகிய நண்பரோடு பேச்சை நிறுத்தியது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

‘கடவுள் இல்லாத ஒன்று எப்படி மதம்?’ என்ற அண்ணனின் கேள்வி கேட்க வலுவாக இருக்கிறது, ஆனால் நிற்காது. சமணம் உலகைப் படைத்த கடவுளை ஏற்பதில்லை. பௌத்தமும் அப்படித்தான். மணிமேகலையில் சமயக் கணக்கர்களிடம், அதாவது சமய ஆசிரியர்களிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்கும் காதையில், வேதவாதியும் சைவவாதியும் வைணவவாதியும் இருக்கும் அதே வரிசையில், உயிரும் உணர்வும் நிலம், நீர் போன்ற பூதங்களின் சேர்க்கையில் பிறப்பவையே, காண்பதைத் தவிர வேறில்லை என்கிற பூதவாதியும் நிற்கிறார். அந்தக் காப்பியத்தை எழுதியவருக்கு இது முரணாகத் தெரியவில்லை. வாழ்வு எதனால் ஆனது, எப்படி வாழவேண்டும் என்பதற்கு முழு விடை வைத்திருப்பவர் எவரும் அந்த அவைக்கு வரலாம். சமூகவியலிலும், அத்துறையின் முன்னோடியான எமில் துர்கைம் 1912-இல் தந்த வரையறையில் கடவுள் இல்லை. புனிதமானவை என்று ஒதுக்கி வைக்கப்பட்டவை, அவற்றைச் சுற்றிய நம்பிக்கைகளும் சடங்குகளும், அவற்றால் ஒன்றுகூடும் ஒரு சமூகம், இவை போதும் என்றார்.

அப்படியென்றால் நீங்கள்தான் ஜெயித்தீர்கள் என்று தோன்றலாம். இங்கேதான் சிக்கல். துர்கைமின் வரையறைக்குள் அண்ணனின் இயக்கம் வரும். அதை எதிர்க்கும் இயக்கமும் வரும். ராணுவப் படைப்பிரிவு வரும், சில பெருநிறுவனங்கள் வரும். எல்லாவற்றையும் உள்ளே விடுகிற வரையறையைக் கொண்டு ஒருவரைச் சுட்டிக்காட்டிக் குற்றம் சொல்ல முடியாது. 1953-இல் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் இதே விஷயத்தில் சமூகவியலாளர்களோடு மோதினார். கம்யூனிசம் மதத்தின் வேலையைச் செய்கிறது, ஆகவே அது மதம் என்ற வாதத்துக்கு அவர் சொன்ன பதில் எளிமையானது: என் செருப்பின் குதிகாலால் சுவரில் ஆணி அடிக்கிறேன், அதற்காகக் குதிகால் சுத்தியல் ஆகிவிடாது. இரண்டு பொருள்கள் ஒரே வேலைக்குப் பயன்படுவதால் அவை ஒன்றாகிவிடுவதில்லை. ஆரெண்ட் நாஜிகளிடமிருந்து தப்பியவர், சர்வாதிகாரத்தை ஆராய்வதில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். எதிரியைச் சரியாகப் புரிந்துகொள்ளத் தவறினால் என்ன விலை கொடுக்க நேரும் என்று அவருக்குத் தெரியும். சர்வாதிகாரத்தில் புதிதாக இருந்ததை ‘இதுவும் ஒரு மதம்’ என்ற பழைய பெயர் மறைத்துவிடும் என்பதே அவர் கவலை. இந்தச் சண்டையில் நான் அவர் பக்கம்.

சட்டமும் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைக்கிறது. 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனம், பாகுபாடு கூடாது என்று பட்டியலிடும் இடத்தில் மதத்தையும் அரசியல் கருத்தையும் வேறு வேறாகக் குறிப்பிடுகிறது. இரண்டுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஒன்றுக்குள் மற்றொன்றை அடைக்கவில்லை.

இப்போது, தப்பிக்க விட்டீர்கள் என்று முதலில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். உங்கள் பிரார்த்தனைக்குப் பலன் உண்டு என்று நீங்கள் நம்புகிறீர்கள். அதற்கு ஆதாரம் காட்டு, எந்த ஆண்டுக்குள் என்று சொல் என்று யாராவது கேட்டால், நம்பிக்கை அப்படி வேலை செய்வதில்லை என்று நீங்கள் சொல்லலாம். அதில் நியாயம் இருக்கிறது. மறுமை, முக்தி, அருள் எல்லாம் இந்த உலகக் கணக்கேட்டில் சரிபார்க்கும் விஷயங்கள் அல்ல. அரசியல் கொள்கைக்கு அந்தச் சலுகை கிடையாது. அது வாக்களிப்பது இந்த உலகத்தில் நடக்கவேண்டியது: கூலி உயரும், பசி தீரும், சாதியோ வர்க்கமோ ஒழியும், நாடு வலுவாகும். இவை நடந்தனவா இல்லையா என்று பார்க்க முடியும், பார்த்தே ஆகவேண்டும்.

சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி 1961 அக்டோபரில் நிறைவேற்றிய வேலைத்திட்டத்தில் ஓர் உறுதிமொழி இருந்தது. கம்யூனிசத்துக்கான பொருளாதார அடித்தளம் 1980-க்குள் கட்டி முடிக்கப்படும், இன்றைய தலைமுறையே கம்யூனிசத்தில் வாழும் என்றது அது. தேதி போட்ட வாக்குறுதி. 1980 வந்தது, போனது. 1986-இல் திருத்திய பதிப்பில் அந்தக் காலக்கெடு இல்லை. இதை ஒரு மதத்தின் தீர்க்கதரிசனம் பொய்த்த கதையாக வாசிக்கவும் முடியும். அப்படி வாசித்தால் நம்பியவர்களின் மனநிலை கொஞ்சம் விளங்கும். நம்பிய நாள் பொய்த்த பிறகும் ஒரு சிறு குழு நம்பிக்கையை விடாமல் இன்னும் இறுகப் பற்றிக்கொண்டது என்று, அவர்களோடு உடனிருந்து பார்த்த உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் சக ஆய்வாளர்களும் 1956-இல் எழுதியிருக்கிறார்கள். அரசியல் தொண்டர்களிடமும் அந்த இறுக்கம் உண்டு. ஆனால் ஆராயவேண்டியது தொண்டரின் மனம் மட்டும்தானா? திட்டம் ஏன் தோற்றது, தானிய விளைச்சல் ஏன் போதவில்லை, தவறைச் சுட்டிக்காட்டியவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விகளுக்கு ‘அது ஒரு மதம்’ என்ற விளக்கத்தில் இடமே இல்லை. கொள்கையை மதம் என்று அழைத்தவுடன், அதன் கூற்று சரியா தவறா என்ற விசாரணை முடிந்துபோகிறது. நம்புகிறவன் நம்பட்டும், மற்றவன் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

ஒரு கொள்கை சரியாக இருந்தாலும் இதே நஷ்டம்தான். அடிமை ஒழிப்புக்காகப் போராடியவர்களிடம் கீதங்கள் இருந்தன, தியாகிகள் இருந்தார்கள், அசைக்க முடியாத உறுதி இருந்தது. அவர்களை வெறியர்கள் என்றே பலர் ஒதுக்கினார்கள். அவர்களின் ஆவேசம் எப்படி இருந்தது என்பதை வைத்து, மனிதனை மனிதன் விலைக்கு விற்பது சரியா என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியுமா? உங்கள் அண்ணன் பேசுவதில் எத்தனை பங்கு உண்மை என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? அதை நிதானமாகக் கேட்டிருக்கிறீர்களா?

இன்னொன்றும் சொல்லவேண்டும், கொஞ்சம் கடினமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இறைநம்பிக்கை உள்ளவர். அப்படியிருந்தும் கோபத்தில் அண்ணனைக் காயப்படுத்த உங்கள் கைக்கு வந்த சொல் ‘மதம்’. கேள்வி கேட்காமை, பிடிவாதம், மூடத்தனம் என்ற பொருளில் அதை வீசினீர்கள். உங்கள் சொந்த நம்பிக்கையைப் பற்றி நீங்கள் அப்படியா நினைக்கிறீர்கள்? இருக்காது. இந்த ஒப்புமை பொதுப்பேச்சில் பெரும்பாலும் இப்படித்தான் புழங்குகிறது. 1949-இல் ஜூல் மொன்னெரோ என்ற பிரெஞ்சு எழுத்தாளர் கம்யூனிசத்தை இருபதாம் நூற்றாண்டின் இஸ்லாம் என்று வருணித்தார். கம்யூனிசம் என்ன சொல்கிறது என்பதும் அதில் தெரியவில்லை, இஸ்லாம் என்ன என்பதும் தெரியவில்லை. அவருக்கு எவையெல்லாம் அச்சமூட்டின என்பது மட்டும் தெரிகிறது.

அப்படியானால் ஒப்புமையைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். அது பயன்படும் இடத்தை மிகத் துல்லியமாகக் காட்டியவர் அம்பேத்கர். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாக இருக்கலாம், ஆனால் அரசியலில் பக்தி, அதாவது தலைவர் வழிபாடு, சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும் நிச்சயமான வழி என்றார். அவர் எந்தக் கட்சியையும் மதம் என்று சொல்லவில்லை, மதத்தையும் இழிவுபடுத்தவில்லை. ஓர் இடத்தில் தகுந்திருக்கும் ஒரு நடத்தை இன்னோர் இடத்தில் ஆபத்தாகிறது என்று அந்த ஒரு நடத்தையை மட்டும் விரல் வைத்துக் காட்டினார். ஒப்புமையை இப்படிச் சிறு துண்டுகளாகப் பயன்படுத்தினால்தான் அது எதையாவது வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். இந்த இயக்கத்தில் தலைவர் தவறு செய்தார் என்று ஓர் உறுப்பினர் வெளிப்படையாகச் சொல்ல முடியுமா? சொன்ன பிறகும் உறுப்பினராக இருக்க முடியுமா? என்ன நடந்தால் ‘நாங்கள் எண்ணியது தவறு’ என்று ஒப்புக்கொள்வார்கள்? விலகியவரைக் கருத்து மாறியவராகப் பார்க்கிறார்களா, துரோகியாகப் பார்க்கிறார்களா? இவற்றுக்கு வரும் விடைகளை வைத்து ஓர் இயக்கம் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். அது மதமா இல்லையா என்று தீர்ப்பளிக்க வேண்டிய தேவையே வராது. சில மதச் சமூகங்கள் இந்தக் கேள்விகளில் பல கட்சிகளைவிட நன்றாகத் தேறும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இனி அண்ணன். அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். “நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அண்ணா. நான் கேட்க நினைத்தது வேற” என்று தொடங்கினால் போதும். பிறகு நினைத்ததைக் கேளுங்கள். படத்தைப் பற்றி வேண்டாம், நினைவு நாளைப் பற்றியும் வேண்டாம். அவை அவருடைய அன்பு, உங்களுடையதைப் போலவே. அந்த நண்பரைப் பற்றிக் கேளுங்கள். அவர் விலகும்போது என்ன காரணம் சொன்னார், அதில் ஒன்றுகூட யோசிக்கத் தக்கதாக இல்லையா, அவரோடு பேசக்கூடாது என்று யாராவது சொன்னார்களா அல்லது இது அண்ணனே எடுத்த முடிவா என்று கேளுங்கள். யாரோ சொல்லித்தான் என்றால், கவலைப்பட உங்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. அவரை மேலும் தனிமைப்படுத்தாமல் அடிக்கடி அவரோடு பேசிக்கொண்டிருங்கள், அரசியலைத் தவிர்த்த பேச்சாக இருந்தாலும் சரி. அவரே எடுத்த முடிவு என்றால், அது இரண்டு நண்பர்களுக்கு நடுவில் ஏற்பட்ட காயமாக இருக்கலாம், கொள்கைக்கு அதில் பெரிய பங்கு இல்லாமலும் இருக்கலாம்.

அவரும் உங்களைத் திருப்பிக் கேட்பார். உங்கள் நம்பிக்கையை விட்டு விலகிய உறவினர் ஒருவரை நீங்கள் எப்படி நடத்துவீர்கள் என்று கேட்கக்கூடும். தன்னையே நீங்கள் இத்தனை வருடம் எப்படி நடத்தினீர்கள் என்றும் கேட்கக்கூடும். சின்ன வயதில் அவர் சாமி கும்பிட மறுத்தபோது வீட்டில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அவரிடம் போவதற்கு முன் அதைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.